சுவாச சிகிச்சைப் படிப்புக்கு அங்கீகாரம் ஏன்?

வென்டிலேட்டரை இயக்குவது, ஆக்சிஜன் அளவைச் சீராக்குவது, நெபுலைசர் மூலம் மருந்து செலுத்துவது ஆகியவை சுவாச சிகிச்சையாளரின் முதன்மைப் பணிகள். இதில் நேரும் சிறு தவறும் உயிரைப் பறிக்கலாம். எனவே, இதைக் கற்பிக்கும் கல்லூரியின் தரத்தைச் சோதிக்கும் அங்கீகாரம் நோயாளிக்கான முதல் பாதுகாப்பு.

அமெரிக்காவில் இப்படிப்புகளின் தரத்தை மதிப்பிடத் தனி ஆணையமே இயங்குகிறது. இந்தியாவில் மருத்துவம் சார்ந்த இத்தகைய பணிகளுக்கு நாடு தழுவிய சட்டம் 2021இல்தான் வந்தது. தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் என்பது அதன் பெயர். சுவாசத் தொழில்நுட்பரும் அதன் பட்டியலில் உள்ளார். பாடத்திட்டம், ஆசிரியர் தகுதி, பயிற்சி வசதி ஆகியவற்றின் தரத்தை ஆணையம் வகுக்கிறது. புதிய படிப்பைத் தொடங்கவும் இடங்களைக் கூட்டவும் அச்சட்டப்படி அமையும் மாநில மன்றத்தின் முன் அனுமதி வேண்டும். தகுதி பெற்றவர்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறும்.

தமிழ்நாட்டில் சுவாச சிகிச்சைப் பட்டப்படிப்பு தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பாடங்களுள் ஒன்று. அதை நடத்தும் கல்லூரி பல்கலைக்கழகத்தின் இணைப்பைப் பெற்றிருக்க வேண்டும். ஆய்வகம் மட்டும் போதாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளிகளிடையே பெறும் பயிற்சியே இப்படிப்பின் உயிர்நாடி.

திருவண்ணாமலை போன்ற மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் படிக்க வரும் மாணவர்களுக்கு அங்கீகாரம் மிக முக்கியம். அங்கீகாரமில்லாத சான்றிதழ் பணத்தையும் ஆண்டுகளையும் வீணாக்கும். சேரும் முன் பல்கலைக்கழக இணைப்பு, மன்றத்தின் அனுமதி, பயிற்சி தரும் மருத்துவமனை ஆகிய மூன்றையும் ஆவணத்துடன் சரிபார்ப்பது அவசியம்.