டிராக், பங்க், ஹிப்-ஹாப் ஒரே மேடையில்: பால்புதுமையர் நிகழ்கலை சொல்வது என்ன?

மிகை ஒப்பனை, பங்க் இசையின் முழக்கம், ராப் பாடலின் சொல்வேகம் ஆகிய மூன்றையும் ஒரே மேடையில் இணைக்கும் பால்புதுமையர் நிகழ்கலை, அமெரிக்காவின் சிறிய இசை விடுதிகளிலிருந்து இன்று அருங்காட்சியகங்கள் வரை சென்றுள்ளது.

மூன்று வேர்கள்

உடை, ஒப்பனை, பாவனை ஆகியவற்றால் பாலின அடையாளத்தை மிகைப்படுத்திக் காட்டும் மேடைக்கலையே 'டிராக்'. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1920களிலேயே இதற்கான பெரும் நடன விழாக்கள் நடைபெற்றன. அதே நகரின் பிராங்ஸ் பகுதியில் 1973-ல் ஹிப்-ஹாப் பிறந்தது. பங்க் இசை 1970களின் நடுவில் வளர்ந்தது. முறையான பயிற்சி இல்லாதவர்களுக்கும் மூன்றுமே இடமளித்தன.

ஆயினும், பங்க் மேடைகளில் வெள்ளையின ஆண்களே மிகுந்திருந்தனர். ராப் வரிகளில் தன்பாலின ஈர்ப்பாளர் மீதான ஏளனம் இயல்பாக ஒலித்தது. இவ்விரு இடங்களிலும் ஒதுக்கப்பட்டவர்கள், அந்த இசையையே தங்கள் கருவியாக்கிக் கொண்டனர்.

முன்னோடி

லாஸ் ஏஞ்சலிஸ் பங்க் களத்தில் உருவான கறுப்பினக் கலைஞர் வஜைனல் டேவிஸ், செயற்பாட்டாளர் ஏஞ்சலா டேவிஸின் நினைவாகத் தம் மேடைப்பெயரைச் சூட்டிக்கொண்டவர். அழகாகத் தோன்றுவதை விட, பார்ப்பவரின் எண்ணத்தை உலுக்குவதே அவரது டிராக். ஆய்வாளர் ஹொசே எஸ்தெபான் முன்யோஸ் 1999-ல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். ஸ்டாக்ஹோமின் மாடர்னா முசேட் அருங்காட்சியகம் 2024-ல் டேவிஸின் படைப்புகளைக் காட்சிப்படுத்தியது.

ராப் மேடையில்

அடுத்த தலைமுறையின் முக்கியப் பெயர் மைக்கி பிளாங்கோ. பதின்ம வயதுப் பெண் ராப்பராகத் தாம் புனைந்த காணொளிப் பாத்திரத்தையே அவர் மேடைக்குக் கொண்டுவந்தார். பெண் ராப்பர் லில் கிம்மின் மாற்றுப்பெயரே இப்பெயருக்குத் தூண்டுதல். பொய்முடியுடனும் அது இன்றியும் தோன்றி, கூட்டத்துக்குள் இறங்கிப் பாடுவார். தமக்கு 2011 முதல் எச்.ஐ.வி. தொற்று இருப்பதை 2015-ல் வெளிப்படையாக அறிவித்தார். மறைப்பதே பாதுகாப்பு எனக் கருதப்படும் துறையில் அது துணிவான முடிவு. மறு ஆண்டே அவரது முதல் முழுநீள இசைத்தொகுப்பு வெளியானது.

சட்டத்தின் நிழல்

இக்கலை இன்றும் சர்ச்சையிலிருந்து விடுபடவில்லை. பொது இடங்களில் டிராக் நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்த டென்னசி மாநிலம் 2023-ல் சட்டம் இயற்றியது. அது கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது எனக் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அதே ஆண்டு தீர்ப்பளித்தார். ஆனால், வழக்குத் தொடுத்தவர்களுக்கு அதற்கான தகுதி இல்லை எனக் கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-ல் அத்தீர்ப்பை ரத்து செய்தது. சட்டம் செல்லுமா என்ற மையக் கேள்விக்கு அந்த நீதிமன்றம் விடையளிக்கவில்லை. எந்த உடையில் மேடையேறலாம் என்பது, இக்கலைஞர்களுக்கு இன்னும் உரிமைப் பிரச்சினையாகவே நீடிக்கிறது.