பிறந்த குழந்தையின் முதல் உரிமை



வல்ல அல்லாஹ் நமக்கு வழங்கியுள்ள அமானிதங்களில் பிள்ளைச் செல்வம் உயர்ந்தது. குழந்தை பிறந்தவுடன் காதில் பாங்கு சொல்கிறோம். அழகிய பெயர் சூட்டுகிறோம். ஏழாம் நாள் அகீகா கொடுக்கிறோம். அந்த ஏழு நாள்களில் குழந்தையின் வயிற்றுக்குள் என்ன செல்கிறது என்பதை மட்டும் நம்மில் பலர் கவனிப்பதில்லை.

2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 100க்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நடைபெற்றன. ஆயினும், பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 100க்கு ஏறத்தாழ 60 மட்டுமே. மதுரை கே.கே. நகரைச் சுற்றி மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. அறுவைச் சிகிச்சை, தாயின் களைப்பு, குடும்ப வழக்கம் எனத் தாமதத்திற்குக் காரணங்கள் பல. அவற்றுள் வழக்கத்தை மாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது.

சீம்பால்

முதல் இரண்டு மூன்று நாள்களில் சுரக்கும் மஞ்சள் நிறப் பாலைச் சிலர் கெட்டுப்போனது என்று பீய்ச்சி எறிந்துவிடுகின்றனர். அதில்தான் நோயை எதிர்க்கும் புரதங்கள் செறிந்துள்ளன. அளவு குறைவே, பிறந்த குழந்தையின் சின்னஞ்சிறு வயிற்றுக்கு அது போதும். "பால் ஊறவில்லை" என்று அஞ்சி மாவுப் பாலுக்கு விரைய வேண்டாம். குழந்தை சப்பச் சப்பவே பால் பெருகும். புட்டிப்பால் புகுந்தால் சப்புவது குறையும். அதனால் சுரப்பும் குறையும். அறுவைச் சிகிச்சை ஆன தாயும் செவிலியர் துணையுடன் பாலூட்டலாம்.

தேனும் தஹ்னீக்கும்

நம் பகுதியில் சேனை வைத்தல் என்று தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ முதலில் நாவில் தடவுகின்றனர். தேனில் நிவாரணம் உண்டு என்று அருள்மறை கூறுவது உண்மை. ஆனால், ஒரு வயது நிறையாத குழந்தைக்கு அது ஆகாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள், முதிராத குடலில் வளர்ந்து நஞ்சைச் சுரக்கும். அந்நஞ்சால் தசைகள் தளர்ந்து, பால் குடிக்கவும் மூச்சு விடவும் இயலாமல் போகலாம். காய்ச்சினாலும் அவ்வித்துகள் எளிதில் அழிவதில்லை.

நபி (ஸல்) அவர்கள் தஹ்னீக் செய்ததாக ஹதீஸ்களில் வருவது பேரீச்சம்பழமே. குபாவில் பிறந்த அப்துல்லாஹ் பின் ஜுபைர் (ரலி) அவர்களுக்கு அவ்வாறே செய்யப்பட்டது. இச்சுன்னத்தை நிறைவேற்ற விரும்புவோர் மருத்துவரைக் கேட்டுக்கொள்க. துகள் தொண்டையில் சிக்காதவாறு, சாற்றை மட்டும் சுத்தமான விரலால் அண்ணத்தில் இலேசாகத் தடவுவதோடு நிறுத்துக. சளி, காய்ச்சல், வாய்ப்புண் உள்ளவர் இதைச் செய்யலாகாது.

மருத்துவர் தரும் மருந்து தவிர, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீரும் தேவையில்லை.

தந்தையின் கடமை

திருக்குர்ஆன் 2ஆம் அத்தியாயம் 233ஆம் வசனம், பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகளை எல்லையாகக் காட்டுகிறது. பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. பால் மறக்கடிப்பதையும் இருவரும் கலந்து பேசியே முடிவு செய்யச் சொல்கிறது. ஆகவே, இது பெண்கள் விஷயம் என்று தந்தை ஒதுங்க இயலாது. தாய்க்கு வேளைக்கு உணவும் உறக்கமும் கிடைக்கச் செய்க. நோன்பினால் தனக்கோ குழந்தைக்கோ தீங்கு நேரும் என அஞ்சும் தாய்க்கு, நோன்பைப் பிற்படுத்தச் சலுகை உண்டு. மாட்டுத்தாவணியில் பேருந்துக்குக் காத்திருக்கையில் பாலூட்டக் கூச்சப்பட்டுப் புட்டியை நாடுவோர் உளர். 2015இல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. அத்தகைய அறையைக் கேட்டறிந்து அழைத்துச் செல்வது கணவரின் பொறுப்பு.

கவனிக்க வேண்டியவை

குழந்தை நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். முதல் வாரத்தில் எடை சற்றுக் குறைவது இயல்பு; இரண்டு வாரத்திற்குள் மீண்டுவிடும். ஐந்தாம் நாளுக்குப் பின் ஆறு முறையேனும் சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது எனலாம். தொப்புளில் சாம்பலோ எண்ணெயோ பவுடரோ இடாமல் உலர்வாக வைத்திருங்கள்.

பால் குடிக்க மறுத்தல், வலிப்பு, நிமிடத்திற்கு 60க்கு மேல் மூச்சு வாங்குதல், காய்ச்சல், உடல் சில்லிடுதல், முதல் நாளிலேயே மஞ்சள் படர்தல், உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்கலாகாது. ஓதிப் பார்த்துக்கொண்டே 108ஐ அழையுங்கள். துஆவும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. நோய்க்கு மருந்து தேடுமாறு கற்பித்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்களே.

அன்புள்ள நன்னிமார்களே! நீங்கள் அன்பினால்தான் தேன் தொட்டு வைக்கிறீர்கள். அதே அன்பினால் இனி, தாயின் மார்பில் குழந்தையைச் சேர்த்து வையுங்கள்.

நம் சந்ததிகளை ஆரோக்கியமும் ஈமானும் நிறைந்தவர்களாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.