லாபம் என்று எப்போது சொல்லலாம்?

ஆரணியில் பட்டுத் தறியை நம்பி வாழும் குடும்பத்தார், சேலையை அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்கும் அன்றே தங்கள் லாபநஷ்டத்தை அறிந்துகொள்ளக் கூடியவர்கள். போக்கர் பந்தயங்களையே ஜீவனோபாயமாகக் கொள்ள எண்ணும் வாலிபனுக்கோ அந்தச் சௌகரியம் பல்லாண்டுகள் ஆடினாலும் கிட்டுவதில்லை.

நூறு பேர் தலைக்கு 1,000 ரூபாய் கட்டி ஆடுகிறார்கள் என்றும், நடத்துபவர் நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொள்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். பரிசுக்கு எஞ்சுவது 90,000. ஆகவே சராசரி ஆட்டக்காரன் ஒவ்வொரு முறையும் 100 ரூபாய் இழக்கிறான். பரிசு பெறுவோர் பதினைந்து பேர் அளவில்தான் இருப்பார்கள். அதிலும் பெரும்பங்கு முதல் சிலருக்கே போவதால், வல்லவன் மாதக்கணக்கில் வெறுங்கையோடு திரும்புவதும், கற்றுக்குட்டி ஒரே நாளில் பெருந்தொகை பெறுவதும் சகஜம். 2003ல் லாஸ் வேகாஸ் உலகப் பந்தயத்தில் 839 பேர் கலந்துகொள்ள, கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் 25 லட்சம் டாலர் வென்றபோது, அந்த ஒரு வெற்றியைக் கேள்விப்பட்டே எண்ணற்றோர் சீட்டு மேஜையை நாடினர்.

ஒரு பந்தயத்தின் பலன் சராசரியிலிருந்து விலகும் அளவு கட்டணத்தைப் போல் ஐந்து மடங்கு என்று கொண்டால் (பெருங்கூட்டப் பந்தயங்களில் அது இன்னும் அதிகம்), 100 பந்தயங்களின் முடிவில் காணும் லாப விகிதத்தில் நூற்றுக்கு ஐம்பது அளவு பிழை இருக்கும். பந்தயங்கள் நான்கு மடங்கானால்தான் பிழை பாதியாகும் என்பது கணித நியதி. எனவே பிழை பத்தாகச் சுருங்க 2,500 பந்தயங்கள் வேண்டும். அத்தனையும் ஆடி நூற்றுக்கு இருபது லாபம் கண்டவனே தன் திறமையை ஓரளவு நம்பலாம்.

ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று தமிழ்நாட்டுச் சட்டம் வகுத்ததை 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. அது நியாயமே என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஆட்டத்தில் சாமர்த்தியத்துக்கு இடமுண்டு என்பது வேறு, இன்னாரிடம் அந்தச் சாமர்த்தியம் உண்டு என்பது வேறு. பின்னதை எந்த நீதிமன்றமும் நிர்ணயிக்க முடியாது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் பண ஆட்டங்களை இணையத்தில் தடைசெய்த பின், வாரம் ஒன்றாக நேரில் ஆடுபவனுக்கு அந்த 2,500 பந்தயங்களை முடிக்க நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகும். நுழைவுக் கட்டணத்தைக்கூடக் கழிக்க இடமின்றி, வென்ற தொகைக்கு 30 சதவீதம் வருமான வரி உண்டு. 1,00,000 ரூபாய் கட்டி 1,20,000 பெற்றவன் 36,000 வரி செலுத்தியதும் நஷ்டத்தில் நிற்கிறான்.

ஆதலால், இன்றைய நிலையில் இது நம் வாலிபர்களுக்கு ஜீவனோபாயம் ஆகாது. ஆடியே தீருவேன் என்பவர், கட்டணம், பயணச் செலவு, வரி மூன்றையும் தோற்ற நாட்களிலும் தவறாமல் எழுதி வைக்கட்டும். தறிக் கூலியை மாத்திரம் அந்த மேஜைக்குக் கொண்டுபோக வேண்டாம்.