பாலைவனப் பாறையில் ஒரு முதலை

லிபியா நாட்டின் தென்மேற்கே, சஹாரா பாலைவனத்தில் மெசாக் என்ற மணற்பாறை மேட்டுநிலம் இருக்கிறது. அங்கு ஓடும் வறண்ட ஆற்றுப்படுகை ஒன்றின் கரையில், கரும்பாறை மீது ஒரு முதலை செதுக்கப்பட்டுள்ளது. அருகிலேயே யானைகளும் ஒட்டகச்சிவிங்கிகளும் காணப்படுகின்றன. தண்ணீருக்கே வழியில்லாத இடத்தில் முதலைக்கு என்ன வேலை?

அது வெறும் கற்பனை அல்ல. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,000 ஆண்டுகளுக்கு முன்புவரை சஹாரா பசுமையாக இருந்தது. பூமியின் சுழற்சி அச்சில் மெல்ல ஏற்படும் மாற்றத்தால் அன்று பருவமழை வடக்கே வெகுதூரம் வரை பெய்தது. ஏரிகளும் புல்வெளிகளும் உருவாயின. மனிதர்கள் வேட்டையாடினர், பிறகு மாடுகளை வளர்த்தனர். அருகிலுள்ள அக்காக்கஸ் மலைப் பகுதியில் கிடைத்த பானை ஓடுகளில் பாலின் கொழுப்பு படிந்திருப்பதை ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டனர். அவற்றின் வயது ஏறக்குறைய 7,000 ஆண்டுகள். பாறையில் உள்ள மாடுகளுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

இவற்றின் வயதை எப்படிக் கணிப்பது? செதுக்கிய கோட்டில் கரிமப் பொருள் இல்லாததால், கரிமக் கணிப்பு முறை நேரடியாக உதவாது. ஆனால், பாலைவனப் பாறைகள் மீது இரும்பும் மாங்கனீசும் கலந்த கரும்படலம் மெதுவாகப் படிகிறது. புதிதாகச் செதுக்கிய கோடு வெளிர் நிறமாக இருக்கும், காலப்போக்கில் கறுக்கும். எனவே, கறுத்த கோடுகள் பெரும்பாலும் பழையவை. பிற்காலத்தில் வந்த ஒட்டகத்தின் உருவங்கள் வெளிறியே இருக்கின்றன.

ஜெர்மானியப் பயணி ஹைன்ரிக் பார்ட் 1850இல் மெசாக் செதுக்கல்களைப் பார்த்து எழுதினார். அதன் பிறகே வெளியுலகம் அவற்றை அறிந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வெயிலையும் மணற்காற்றையும் தாங்கிய அவற்றுக்கு, மனிதனால்தான் ஆபத்து. எண்ணெய் தேடும் பணிகளுக்காக மெசாக்கில் பாதைகள் போடப்பட்டபோது பாறைகள் சேதமடைந்தன. 2009இல் அக்காக்கஸ் பாறை ஓவியங்கள் மீது சாயம் தெளிக்கப்பட்டது. 1985 முதல் உலக மரபுடைமைத் தலமாக இருக்கும் அக்காக்கஸை, யுனெஸ்கோ 2016இல் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது.

கீறிய கரும்படலம் மீண்டும் படிய ஆயிரம் ஆண்டுகள் போதாது. படங்களைத் தெளிவாகப் பார்ப்பதற்காகத் தண்ணீர் ஊற்றுவதும் சுண்ணக்கட்டியால் கோடு போடுவதும்கூட கேடுதான். ஒரு நிலம் எப்படிப் பாலையானது என்பதற்குக் கல்லில் எழுதிய சாட்சி இது. சாட்சியை அழித்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?