எட்டிக்கொட்டையும் புற்றுநோய்ச் சிகிச்சையும்

புற்றுநோய்க்கு இரசாயன மருந்து ஏற்றுங்காலத்து நோயாளரைக் குமட்டலும் மனக்கலக்கமும் வருத்தும். முன்னதற்கு நக்ஸ் வாமிகாவும் பின்னதற்கு ஆர்சனிகம் ஆல்பமும் ஓமியோபதியார் தருவர். அவை முறையே எட்டிக்கொட்டையும் வெள்ளைப் பாஷாணமுமாம். ஒத்ததை ஒத்தது தீர்க்குமென்பது 1796-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹானிமன் வெளியிட்ட கொள்கை.

'30 சி' என்பது, ஒரு பங்கு மருந்தை 99 பங்கு திரவத்திற் கலந்து, அங்ஙனமே 30 முறை கரைப்பது. ஈற்றில் மூலப்பொருள் அணுவளவும் எஞ்சாது. எஞ்சாத பொருள் நோயை எங்ஙனம் தீர்க்கும்? குறைவாய்க் கரைத்தவற்றிலோ நஞ்சே எஞ்சுதல் கூடும். எந்நோய்க்கும் இம்முறை பயன்படுமென்பதற்கு நம்பத்தக்க சான்றில்லையென ஆஸ்திரேலிய தேசிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015-இல் உரைத்தது.

அருகிருந்து விசாரிப்பாரது பரிவு கலக்கத்தைத் தணித்தல் கூடும். அதனை யாம் இகழோம். ஆயினும் குமட்டலை அடக்க ஒண்டான்செட்ரான் முதலிய மருந்துகள் உள்ளவாகலின், அவற்றைக் கைவிடாமையும், வேறெதனை உண்ணினும் தம் மருத்துவர்க்கு மறையாமையும் நோயாளர்க்கு நலமென்க.