குளிர்மலையில் ஒரு வெப்பமண்டலத் தோட்டம்
தரையை மூடும் புற்கள் தரும் பசுமை

பணி மாறுதலின் காரணமாகவோ, ஓய்வுக்காலத்தை அமைதியாகக் கழிக்கும் விருப்பத்தினாலோ சிம்லா, நைனிடால், டார்ஜிலிங், உதகமண்டலம் போன்ற மலை நகரங்களில் குடியேறுவோர் பலர். சமவெளியில் வளர்ந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றி அடர்ந்த பசுமை வேண்டும் என்ற ஏக்கம் இயல்பானது. ஆசையுடன் வாங்கி நட்ட குரோட்டன்ஸும் செம்பருத்தியும் முதல் உறைபனியிலேயே கருகிவிடும்போது, செலவிட்ட பணத்தோடு ஊக்கமும் கரைந்துவிடுகிறது.

வெப்பமண்டலத் தோற்றம் பெற வெப்பமண்டலச் செடிகளே வேண்டும் என்பதில்லை. குளிரைத் தாங்கும் செடிகளைக் கொண்டே அத்தோற்றத்தை உருவாக்கலாம். அதற்கு அடித்தளமாக அமைபவை தரையை மூடி வளரும் புற்கள்.

தோற்றத்தின் இரகசியம்

மழைக்காட்டை நினைவுகூர்ந்து பாருங்கள். அங்கே வெற்று மண் கண்ணில் படுவது அரிது. மேலே அகன்ற இலைகள், நடுவே புதர்கள், அடியில் தரையைத் தழுவும் பசுமை என மூன்று அடுக்குகள் உண்டு. நம் தோட்டங்களில் பெரும்பாலும் விடுபடுவது அந்த அடி அடுக்கே. மெல்லிய, வளைந்த புல்லிலைகள் தரையை நிறைத்துவிட்டால், அவற்றின் நடுவே நிற்கும் ஒரே ஒரு வாழைகூடக் காட்டின் ஒரு பகுதியைப் போலத் தோன்றும்.

மலைச்சரிவில் இந்த அடுக்கு அழகுக்கு மட்டும் உரியதன்று. பருவமழையில் வெற்று மண் அரித்துச் செல்லப்படுகிறது. பின்னிப் பரவிய வேர்கள் மேல்மண்ணைப் பிடித்து வைக்கின்றன. மேலும், வெட்டிப் பேணும் புல்வெளி ஓயாமல் நீர் கேட்கும். 2018 மே, ஜூன் மாதங்களில் சிம்லா கடும் குடிநீர்த் தட்டுப்பாட்டைச் சந்தித்ததை அறிவோம். வேரூன்றிய பின் குறைந்த நீரில் வாழும் தரைமூடிகளே இத்தகைய ஊர்களுக்கு ஏற்றவை.

எவற்றைத் தேர்ந்தெடுப்பது?

முதலிடம் மாண்டோ புல்லுக்கு. பெயரில் புல் என்றாலும் இது புல்லினம் அன்று. நம் தண்ணீர்விட்டான் கொடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் கரும்பச்சை இலைகளுடன் ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும். நிழலிலும் வளரும், வெட்டத் தேவையில்லை. இதன் உறவான ஓஃபியோபோகன் இன்டர்மீடியஸ் இமயமலைக் காடுகளில் இயற்கையாகவே வளர்கிறது. ஏறத்தாழக் கறுப்பாகவே தோன்றும் இலைகளைக் கொண்ட மாண்டோ வகையும் உண்டு. வெளிர்நிறக் கூழாங்கற்களின் நடுவே அது எடுப்பாகத் தெரியும்.

அடுத்தது லிரியோப்பி. 30 செ.மீ. அல்லது சற்றே கூடுதலான உயரம். கோடையின் இறுதியில் ஊதா நிறப் பூங்கதிர்கள். இதில் தூராக வளரும் மஸ்காரி வகையையே கேட்டு வாங்குங்கள். ஸ்பைக்காட்டா வகை நிலத்தடித் தண்டுகளால் வேகமாகப் பரவி அண்டைப் பாத்திகளையும் ஆக்கிரமிக்கும்.

தவிர்க்க வேண்டியது கிகுயூ புல். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இப்புல் நீலகிரியில் பரவி, அங்குள்ள இயற்கைப் புல்வெளிகளுக்கு இடையூறாகியுள்ளது.

மேல் அடுக்கு

கிழக்கு இமயமலைக்குரிய சிக்கிம் வாழையின் இலைகள் உறைபனியில் கருகினாலும், கிழங்கைச் சருகுகளால் தடிப்பாக மூடி வைத்தால் வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும். விசிறி இலைகளைக் கொண்ட ட்ராக்கிகார்ப்பஸ் பனை வெண்பனியையும் தாங்கும். அதன் தாக்கில் இனம் குமாவுன் மலைகளுக்கே உரியது. கல்வாழையும், இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த ஹெடிக்கியமும் நடு அடுக்கை நிரப்பும். இவ்வினங்களைக் காட்டிலிருந்து பெயர்த்தெடுக்காமல் நாற்றுப் பண்ணைகளில் மட்டுமே வாங்க வேண்டும்.

செலவைத் திட்டமிடுதல்

10 சதுர மீட்டர் பாத்தியில் 20 செ.மீ. இடைவெளியில் நட ஏறத்தாழ 250 செடிகள் தேவை. அத்தனையையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. நன்கு அடர்ந்த ஒரு தொட்டியை நான்கு தூர்களாகப் பிரிக்க முடிந்தால் 63 தொட்டிகள் போதும். காத்திருக்க இயலுமாயின், முதலாண்டில் பாத்தியின் கால் பகுதியை மட்டும் நட்டு, அடர்ந்தபின் அதையே பிரித்து எஞ்சிய பகுதியை நிரப்பலாம். முதல் அப்படியே இருக்க, வட்டியைக் கொண்டே பரப்பை விரிவாக்கும் முறை இது. தொடக்கத்தில் சிறு பரப்பில் நடுவதால், எந்த வகை உங்கள் மண்ணுக்கு ஒத்துவருகிறது என்பதும் பெரும் செலவின்றித் தெரிந்துவிடும்.

நடுதலும் பேணுதலும்

உறைபனிக் காலம் முடிந்தபின்போ, பருவமழையின் தொடக்கத்திலோ நடுக. களைகளை வேரோடு நீக்கி, மட்கிய உரம் கலந்து, நீர் தேங்காதவாறு மண்ணைப் பதப்படுத்துக. செடிகள் ஒன்றோடொன்று இணையும் வரை களையெடுப்பு இன்றியமையாதது. இலைகள் இணைந்தபின் களைகள் தாமே குறையும்.

இடத்தேர்விலும் கவனம் வேண்டும். குளிர்ந்த காற்று நீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே வாழையைப் பள்ளத்தில் நடாமல், குளிர்கால வெயில் படும் தெற்கு நோக்கிய சுவரை ஒட்டி நடுக. பள்ளமான பகுதியை மாண்டோ புல்லுக்கு விட்டுவிடலாம்.

குளிர்காலத்தின் முடிவில், புதுத் தளிர் வருமுன், லிரியோப்பியின் பழைய இலைகளை அடியோடு கத்தரித்து விடுங்கள். தளிர் வந்தபின் கத்தரித்தால் நுனி வெட்டுப்பட்ட இலைகளே ஆண்டு முழுவதும் நிற்கும். மாண்டோ புல்லுக்கு இந்த வேலையும் பெரும்பாலும் தேவைப்படாது. உலர்ந்த இலைகளைக் கையால் நீக்கினாலே போதும்.