விஞ்ஞானப் போட்டியும் விதை நெல்லும்

சிவகிரிப் பக்கத்து ஹைஸ்கூல் பிள்ளைகள் விஞ்ஞானப் போட்டி என்றதும் கடையில் அட்டையும் வர்ணமும் வாங்கி எரிமலை செய்யத் தொடங்குகின்றனர். பார்வைக்கு அழகுதான், பரீக்ஷை ஒன்றும் அதில் இல்லை.

1993-இல் தேசிய அளவில் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு கேட்பது வேறு. 10 முதல் 17 வயதுக்குட்பட்டோர் தம் ஊர்ப் பிரச்சினை ஒன்றைத் தாமே ஆராய வேண்டும். ஜில்லாவில் தேறியது மாநில மாநாட்டிற்கும், பின் தேசிய மாநாட்டிற்கும் செல்லும். தமிழிலேயே எழுதிச் சமர்ப்பிக்கலாமாதலால், இங்கிலீஷுக்கு அஞ்சிப் பின்வாங்க வேண்டுவதில்லை.

பிசான விதைப்பிற்கு முன் வீட்டுக் குதிரிலுள்ள விதை நெல்லையே ஆராயலாம். 10 லிட்டர் நீரில் சுமார் 1½ கிலோ உப்பைக் கரைத்தால் புதிய கோழிமுட்டை மிதக்கும். அந்நீரில் நெல்லை இட்டு, மிதக்கும் பதரை நீக்கி, அமிழ்ந்ததை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். உப்புத் தங்கினால் முளை கெடும். இதில் 100 விதை வீதம் நான்கு பங்கும், உப்புநீரில் இடாத நெல்லில் நான்கு பங்கும் ஈரத்துணியில் ஒரே இடத்தில் வைத்து, 14-ஆம் நாள் நல்ல முளைகளை எண்ணுக. ஒரு பங்கை மட்டும் எண்ணி முடிவு கூறினால் நடுவர் ஏற்கார். இரண்டிற்கும் வித்தியாசம் காணாவிடினும் அதை அப்படியே எழுதுதல் முறை.

சான்று விதை நெல்லுக்கு முளைப்பு 80 சதவிகிதத்திற்குக் குறையலாகாது. பையனோ பெண்ணோ எண்ணிய கணக்கு 60 என்று நின்றால், தகப்பனார் நாற்றங்காலில் விதைக்குமுன் வேறு விதை தேடிக்கொள்ள அவகாசமுண்டு.